சிங்கப்பூரிலிருந்து வந்த காத்தமுத்து

வெள்ளி, 12 ஆகஸ்டு 1983

விடியலில் மழை. பெரட்டுக் களத்தில் எல்லோரும் வானத்தைப் பார்த்து நின்றார்கள். ரப்பர் மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. நான் மட்டும் குடைக்கடியில் நின்று பேர் கூப்பிட்டேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உத்தியோகத்தில் உள்ள ஒரே சுகம் அந்தக் குடை. பிடிக்க ஓர் ஆள் தரவில்லை என்பது ஒன்றே குறை.

தொண்டை சுத்தம். வருடக்கணக்காகத் தினம் காலையில் கத்திப் பழகிய தொண்டை. மரகதம் சொல்வாள்: "உங்க சத்தத்தக் கேட்டா செத்தவன்கூட எந்திரிச்சு 'இருக்கேங்க'ம்பான்." இருபது வருட இல்லறத்தில் மனைவி தந்த ஒரே பாராட்டு. அதுவும் பாராட்டுதானா, தெரியவில்லை.

கொஞ்சம் வெளுத்தது. பாதிப் பேர் பால் வெட்ட, மீதி புல் வெட்ட. முணுமுணுப்பு. ஆட்களை மேய்க்கிற சுப்பையா மண்டோர் காது கேளாதவர் மாதிரி இருந்தார். அவருக்கு அது கைவந்த கலை.

ஆபீஸ் ஜன்னலில் காத்தமுத்து வந்து நின்றான். பால் வெட்டுகிற பையன்தான், அக்காள் வீட்டோடு தொழிலாளர் லயத்தில் இருப்பவன். நாலு வார்த்தை பேசினால் மூன்றில் 'ங்க' இருக்கும்.

"நாளைக்கு வெட்டு முடிஞ்சதும் கெளம்பலாமுங்களா ஐயா? பால் நிறுக்கிறத மச்சான் பாத்துக்குவாருங்க."

"எங்கடா பயணம்?"

"கலும்பாங்குங்க. சொந்தக்காரங்க வீட்டுல காது குத்து."

"ஆடி மாசத்துல காது குத்தா?"

தலையைச் சொறிந்தான். "அவங்க வீட்டுல அப்படித்தானுங்க."

பச்சைப் பொய். பெண் விவகாரம் என்று முடிவு கட்டி, கண்ணடித்து அனுப்பிவைத்தேன். சாப்பாட்டு வேளைக்குள் மண்டோரிடம் சொல்லியாயிற்று. அவர் யாரிடம் சொன்னார் என்பது என் பொறுப்பில்லை.

நாளைக்கு:
– சஃபாரி சூட், வயிற்றுப் பக்கம் தையல் பிரித்துவிட வேண்டும் (துணிதான் சுருங்கியது)
– மயிர்ச்சாயம்
– மர.வுக்கு மல்லிகை
– இருமல் மிட்டாய்

கோல சிலாங்கூர் டேவான் மண்டபத்தில் 'நீல அலைகள்' இசை நிகழ்ச்சி. டிக்கெட் இரண்டு, மூன்றாவது வரிசை. எனக்குச் சங்கீதம் தெரியாது. ரேடியோ பாடினால் கேட்பேன், நின்றுபோனால் தேடமாட்டேன். ஆனாலும் ஒரு வாரமாகக் குளிக்கும்போது விசிலடிக்கிறேன்.

சனி, 13

இப்போதுதான் வந்து சேர்ந்தோம். சிரித்துச் சிரித்து விலா நோகிறது. டேவான் வாசலில், கோப்பிக் கடையில், எங்கும் என் பேச்சுத்தான். முன்பின் தெரியாதவன் தே தாரிக் வாங்கித் தந்து, "கிராணின்னா நீங்கதான் கிராணி" என்றான். ஆஹா.

விவரம் நாளை. மர.வுக்குத் தலைவலியாம். பூவைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள்.

ஞாயிறு, 14

வெயில். பெரட்டு கிடையாது. தலையணை உறையில் சாயம் அப்பியிருக்கிறது. மர. அதற்குக்கூடத் திட்டவில்லை. நிலைமை மோசம்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போதும் சிரிப்பு வருகிறதா, பார்ப்போம்.

டேவான் பிதுங்கி வழிந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் லோரி பிடித்து வந்திருந்தன. பவுடர், சென்ட், மல்லிகை, வேர்வை. எங்கள் தொகுதி உறுப்பினர் வை.பி. தாமதமாக வந்தார். மாலை, பொன்னாடை, மறுபடி மாலை. பிறகு ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்னாலிருந்து ஒருவன்: "மைக்க வாங்குங்கடா யாராச்சும்!" நான் பக்கத்து ஆளிடம், "இவருக்கு நெறை கணக்கு இல்ல, வார்த்தைக் கணக்குலதான் சம்பளம்" என்றேன். முன் வரிசையும் பின் வரிசையும் சிரித்தன. அங்கேதான் ருசி கண்டேன். மர. முழங்கையால் இடித்தாள்.

வாத்தியக்காரர்களுக்கு மின்னுகிற நீலச் சட்டை. மேடையில் புகை விட்டார்கள். வை.பி. இருமினார், என் மிட்டாயைக் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த பெண்மணி இரண்டு பாட்டுப் பாடினார். பிறகு அறிவிப்பாளர், தொண்டை நரம்பு புடைக்க:

"இதோ! சிங்கப்பூரிலிருந்து நேரடியாக! மேடைப் புயல்! கிங் கே. எம்.!"

புகைக்குள்ளிருந்து ஒருவன். வெள்ளைச் சிலுவார், பளபளவென்று கோட்டு, கறுப்புக் கண்ணாடி, சுருள் சுருளாக முடி. பெண் பிள்ளைகள் கீச்சிட்டன. அவன் பாட ஆரம்பித்தான். மர. என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இது நம்ம காத்தமுத்து இல்ல?"

பார்த்தேன். முடி பொய், கோட்டு பொய், நடை மெய். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கித் தூக்கி வலத்தோள் ஒரு விரற்கடை ஏறிப்போன நடை. எங்கள் காத்தமுத்துவேதான். (இனி கா.மு. கை வலிக்கிறது.)

காலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு எனக்கு எதிரில் நின்றவன், ராத்திரி சிங்கப்பூரிலிருந்து நேரடியாக! கலும்பாங் காது குத்து வழியாக! இதை எவன் விடுவான்? நான் நல்ல இடைவெளி ஒன்றுக்குக் காத்திருந்தேன். முதல் சரணம் முடிந்தது. மேளம் நின்றது. கிதார் மட்டும் மெல்ல. அத்தனை பெரிய டேவானும் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. எழுந்தேன். கையைக் குவித்தேன். காலைக் குரல்:

"காத்தமுத்தூ...!"

"இருக்கேங்க கிராணி!"

மைக்கில். எல்லா ஒலிபெருக்கியிலும். கால் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டன, கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. மற்றக் கை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது. கிராணி முன்னால் கண்ணாடி போட்டு நிற்கக்கூடாது என்று அந்தக் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வெறும் கண்ணோடு கூட்டத்துக்குள் என்னைத் தேடினான். கோபமில்லை. பேருக்கு நேரே குறி போட்டுவிட்டேனா என்று தினமும் பார்ப்பானே, அந்தப் பார்வை.

பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போனது. உட்கார்ந்திருந்தவர்களில் பெரட்டுக்கு நிற்காதவர் யார்? அப்பனாவது நின்றிருப்பான். "சிங்கப்பூருக்கு எந்த டிவிசன் கிராணி?" என்று ஒருவன். "அங்கயும் புல்லு வெட்டா?" என்று இன்னொருவன். வை.பி. பக்கத்து ஆளிடம் விளக்கம் கேட்டு, எல்லோரும் அடங்கிய பிறகு தனியாகச் சிரித்தார். நூறு குரல் சேர்ந்து "காத்தமுத்தூ!" என்று கூப்பிட்டது. கா.மு. இரண்டாவது சரணத்தைப் பிடிக்கப் பார்த்தான். வாத்தியம் தாண்டிப் போய்விட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தப்பான பக்கம் நடந்து, திரைக்குள் வழி தெரியாமல் துணியோடு மல்லுக்கட்டினான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

நான் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டேன். கும்பிட்டேன்!

எழுதியாயிற்று. சிரிப்பு வரவில்லை. கண்ணாடி கழற்றின கை திரும்பத் திரும்ப வருகிறது.

மத்தியானம் லயத்துப் பக்கம் போனால் குழந்தைகள் புது விளையாட்டு கண்டுபிடித்திருக்கின்றன. ஒன்று கூப்பிடுகிறது, ஒன்று இல்லாத கண்ணாடியைக் கழற்றுகிறது. கழற்றுகிற விதம் அச்சு அசல்.

சாப்பிடும்போது மர.: "நீங்க கூப்பிட்டா அவன் வேற என்னாங்க செய்வான்?"

அவ்வளவுதான். ரசம் நன்றாக இருக்கிறது என்றேன்.

திங்கள், 15

காலையில் குளிர்.

கா.மு. வந்திருந்தான். கடைசி வரிசை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். சுருள் முடி தலையில் முளைத்ததல்ல என்பது உலகத்துக்கே தெரியும், எதற்காக வெட்டினான்?

அவன் பேர் நெருங்க நெருங்க எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். என் மூளைக்கு அப்போது ஒரு யோசனை. அவன் பேரைக் கூப்பிடாமல், கண்ணால் பார்த்துக் குறி மட்டும் போட்டுவிட்டு அடுத்த பேருக்குத் தாவினேன். பெரிய கருணைவள்ளல்.

சுப்பையா மண்டோர், எத்தனையோ வருடமாகக் காது கேளாத சுப்பையா மண்டோர்: "ஐயா, ஒரு பேர வுட்டுட்டீங்களே!"

பெரட்டே வெடித்தது. ஒருவன் கீழே குந்திவிட்டான். கா.மு. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, யாரும் கூப்பிடாமலே, "இருக்கேங்க" என்றான். கத்தியை எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒதுக்கின மர வரிசைக்கு, தன் நிறைக்கு, போனான்.

மானேஜர் துரையின் நாய் என்னைப் பார்த்து இன்று குரைக்கவில்லை. அதற்கும் என்மேல் இரக்கம் போலும்.

செவ்வாய், 16

ஆபீசில் தூசி. மின்விசிறி கிறீச். மாதக் கணக்கு பாக்கி.

பால் நிறுக்கிற ஸ்டோரில் பெருமாளை ஓரமாக அழைத்தேன். கா.மு.வின் மச்சான், அக்காள் புருஷன்.

"என்னாப்பா, பையன் எப்படி இருக்கான்?"

"சாப்புடுறான், தூங்குறான் ஐயா. பாட்டுதான் நின்னு போச்சு. காலையில கெணத்தடியில பாடுவான். இப்ப இல்ல."

"சும்மா வெளையாட்டுக்குத்தான் நான்…"

"தெரியுமுங்க. ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழமை தவறாம பஸ்ஸு புடிச்சு, டவுனுல அந்தக் கச்சேரிக் குழுவ நடத்துற மாஸ்டர் கடைக்குப் போயிப் பழகுனான். அன்னிக்குத்தான் மொத மேடை. நல்லாப் பாடுனா புதுசாப் பதியப்போற கெசட்டுல ரெண்டு பாட்டு ஒனக்குன்னு மாஸ்டர் சொல்லியிருந்தாரு. இப்ப ஆள் அனுப்பிக் கேட்டாலும் பதில் இல்ல."

"இத எங்கிட்ட முன்னயே சொல்லியிருக்கக்கூடாதா? காது குத்துன்னு ஏன் பொய் சொன்னான்?"

பெருமாள் வாளியைப் பார்த்தபடி: "உங்ககிட்ட சொன்னா பொழுது சாயறதுக்குள்ள தோட்டம் பூரா தெரிஞ்சிரும்னுதானுங்க. பாடி முடிச்சிட்டு அவனே வந்து சொல்றதா இருந்தான்."

ஸ்டோரில் அமில வாடை. கண் எரிந்தது. அமிலத்தால்தான்.

மண்டோரிடம் வெள்ளிக்கிழமை நான் சொன்னதைக் கணக்கில் சேர்த்தால் பெருமாள் பொழுது சாய்வது வரைக்கும் அவகாசம் தந்தது அதிகம்.

புதன், 17

அரை நாள் லீவு போட்டு டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் ஒருவன் என்னைக் காட்டி, "இவருதாண்டா" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு முன் ஒரு விநாடி சிரித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஆரோக்கியம் மாஸ்டருக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை. மேசை நிறைய வயிறு கிழிந்த ரேடியோக்கள். 'நீல அலைகள்' அவர் ஆரம்பித்ததுதான். பையனை மன்னித்துவிடுங்கள், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.

வாய் திறக்க விடவில்லை. "அண்ணே! நீங்கதானா அது? ஒக்காருங்க, ஒக்காருங்க. அந்தக் கொரலுக்குச் சொந்தக்காரரத்தான் நாலு நாளா தேடுறேன் லா!"

"அந்தப் பையன் பாவம்…"

"என்னா பாவம்? அதிர்ஷ்டம்! மாசக் கடைசில ரவாங்குல புரோகிராம். டிக்கெட் கேக்குறவன்லாம் 'அந்த இருக்கேங்க வருமா'ங்குறான். சுங்கை சோவுலேர்ந்தும் கேட்டுட்டாங்க. ஒண்ணுமில்ல அண்ணே, அவன் கோட்டுப் போட்டு வருவான், நாலு வரி பாடுவான், நீங்க கீழேர்ந்து கூப்புடுங்க, அவன் கண்ணாடியக் கழட்டட்டும். அப்படியே அதே மாதிரி."

"கெசட்டுல அவனுக்கு ரெண்டு பாட்டுன்னு…"

"அதுக்கு வேற ஆள் போட்டாச்சு. அவன் மூஞ்சியப் பாத்தாலே சிரிக்குது ஜனம். அப்புறம் சோகப் பாட்டு பாடுனா எவன் காசு குடுத்துக் கேப்பான்? இதுக்கு அவன் போதும். நீங்க சொன்னா வருவான் அண்ணே. நீங்க சொல்லி அவன் மாட்டேன்னுருவானா?" ரேடியோ ஒன்றின் முதுகைத் தட்டினார். "போஸ்டர்ல உங்க பேரும் போட்டுர்றோம். 'சிரிப்புப் புயல் கிராணி'. படத்தோட."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கா.மு.வை நினைக்கவில்லை. சஃபாரி சூட்டில் படம் பிடிப்பதா, வேட்டியிலா என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்குகிற இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

வியாழன், 18

அடைமழை. வெட்டு இல்லை. துரை கோலாலம்பூரில். ஆபீஸ் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். வாளி வைத்தேன்.

கா.மு.விடம் ஒன்றும் சொல்லவில்லை. மழை, ஆள் எங்கே என்று தெரியவில்லை, கணக்கு வேலை. காரணத்துக்கா பஞ்சம்.

சாயங்காலம் குளியலறையில் ஒரு காரியம் நடந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மர. என் கையெழுத்தைக் கோழி கிளறினது என்பாள், ஆகவே பயமில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதலில் மெல்ல. பிறகு 'தூ'வை இழுத்து. பிறகு கையைக் குவித்து, தலையைச் சாய்த்து, ரவாங் எப்படிச் சிரிக்கும் என்று இடம் விட்டு.

கதவைத் திறந்தால் மர. துண்டோடு நிற்கிறாள்.

"யார கூப்பிட்டீங்க?"

"தொண்டை கட்டியிருக்கு. அதான்…"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். துவட்டவே தோன்றவில்லை. ஈரத்தோடு நின்றேன்.

வெள்ளி, 19

வானம் தெளிவு. கொசு.

பெரட்டு முடிந்ததும் கா.மு.வின் நிறைக்கே போனேன். மண்டோர்கள் சுற்றுகிற இடம், கிராணிகள் போகிற இடமில்லை. ஷூவுக்குள் சேறு. அட்டை ஒன்று காலுறையில்.

அவன் மரத்தடியில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. "வெயில் ஏறுனா பால் நின்னுருமுங்க ஐயா" என்றான். அடுத்த மரம். அதற்கடுத்த மரம். பின்னாலேயே ஓடி ஓடிப் பேசினேன். தோட்டத்தில் அவன் எனக்கு முதுகு காட்டிப் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். எல்லாம். போஸ்டர் மட்டும் விட்டுவிட்டேன்.

"பாட்டுங்க?"

"வேற ஆள் போட்டுட்டாராம்."

பட்டை சுருண்டு விழுந்தது. வெட்டின கோட்டில் பால் கசிந்து மரத்தில் கட்டின மங்குக்குள் இறங்க ஆரம்பித்தது. அது நேராக விழுகிறதா என்று பார்த்து மங்கைச் சரி செய்தான்.

"அப்ப நான் வரலைன்னு சொல்லிருங்க ஐயா."

"எம்மேல கோவமாப்பா?"

"கோவம் என்னாங்க. நீங்க கூப்டீங்க. நான் இருந்தேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். மூன்று மரம் தாண்டி அவனே: "ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு, கேளு." வரட்டும் என்று நெஞ்சைக் கொடுத்து நின்றேன்.

"மொத சரணத்துல மேல ஏறுற எடம் ஒண்ணு வருமில்லீங்க, அது நின்னுச்சாங்க? இல்ல ஆடிருச்சுங்களா? மேடையில எங்க சத்தம் எங்களுக்கே கேக்காது. ரெண்டு வருசமா அந்த எடந்தாங்க எனக்குப் பிடி கெடைக்கல. நீங்க முன்னாலதான இருந்தீங்க."

மூன்றாவது வரிசை. கண்ணுக்கு நேரே. ஒரு வரி கேட்கவில்லை. அவன் பாடின நேரம் முழுக்க எப்போது நிறுத்துவான், எப்போது கத்தலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"பிரமாதமா நின்னுச்சு!" என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன்.

முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். வை.பி. மாதிரி நானும் இருமினேன்.

"சரிங்க ஐயா."

அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். நான் அதற்குமேல் பின்னால் போகவில்லை.

ராத்திரி மர.விடம் சொன்னேன். குளியலறை உட்பட. "நான் கேட்டேன், அந்த எடத்த" என்றாள். "எனக்கு அழுக வந்துருச்சு. கண்ணத் தொடைக்கத் துணி எடுக்குறதுக்குள்ள நீங்க எந்திரிச்சுட்டீங்க."

சனி, 20

காலையில் மாஸ்டருக்கு டவுனுக்குப் போகிற லோரிக்காரனிடம் சொல்லியனுப்பினேன்: இரண்டு பேரும் வரவில்லை. லோரிக்காரன், "ஏன் ஐயா, நல்ல சான்ஸு லா" என்றான். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் மர. முறுக்கு சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். "வாங்க. நீங்க பொய் சொன்ன எடத்துல நான் நெசத்தச் சொல்லிட்டு வர்றேன்." லயத்துக்கு நடந்தோம். பெருமாள் வீட்டு வாசல் வந்ததும் எனக்குக் கால் வரவில்லை. நீ போ, நான் இப்படி நிற்கிறேன் என்று பொதுக் குழாய்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். என்னைப் பற்றித்தான்.

உள்ளே மர.வின் குரல். "தம்பி, அந்த மேல போற எடம் இருக்குல்ல, அது நின்னுச்சு. ஆடல. நான் கேட்டேன். எனக்கு இன்னொரு தடவ கேக்கணும்."

"இப்ப எதுக்குங்க அக்கா."

"நான் முறுக்கு கொண்டாந்திருக்கேன்."

பெருமாள் சிரிக்கிற சத்தம். அப்புறம் பாட்டு.

மேளம் இல்லை, மைக் இல்லை. தகரக் கூரைக்கு அடியில் ஒரு குரல். குழாயைத் திருகி மூடினாள் ஒரு பெண். சங்கீதம் தெரியாதவன் எழுதுகிறேன்: குரல் ஏறிற்று. இன்னும் ஏறிற்று. விழப் போகிறது என்று நான் கையை நீட்டாத குறையாக நின்ற இடத்தில் விழாமல் நின்றது. நின்று, அவசரப்படாமல் இறங்கிற்று. பிறகு இரண்டாவது சரணம். டேவானில் யாருக்கும் கிடைக்காதது.

மர. வாசலுக்கு வந்து கையை ஆட்டினாள். "வாங்க. உங்க பங்க நீங்கதான் சொல்லணும்."

நிலைப்படியில் குனிந்து உள்ளே போனேன். கா.மு. கைலியோடு பாயில் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வேர்வை, அன்று மேடையில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டான். என்னைப் பார்த்தான். எழுந்தான். கால் இரண்டும் சேர்ந்தன. கை பக்கவாட்டில் போனது.

"உக்காருப்பா."

"இருக்கட்டுங்க கிராணி."

"அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. இப்பத்தான் கேட்டேன். நின்னுச்சு."

"சரிங்க கிராணி."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது: "நாளைக்கு லீவுதானே?"

"ஞாயித்துக்கெழமைங்க."

அவன் அக்காள் இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது. சூடு. ஊதி ஊதிக் குடித்தேன். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான்.